இரண்டு நாற்பது

காவல்கிணறு விலக்குக் கடையில் ஏழரைக்கு ஒரு குவார்ட்டர்.
தூக்கத்துக்குத்தான்.
யாரும் கேட்கவில்லை,
பைக் ஸ்டாண்டைத் தட்டிவிடும்போது
நானாகச் சொல்லிக்கொள்வது.

வைகாசியில் பிடிக்கிற காற்று
புரட்டாசி வரைக்கும் காதுக்குள் சுற்றும்.
ஐம்பது மீட்டர் ஏணி, சீசனில் நாளைக்கு மூன்று தடவை.
இறங்கின பின்னும்
தொடை ஏறிக்கொண்டே இருக்கும்.
அதை எப்படி நிறுத்த?

வடக்கன்குளம் வந்து, சோறு தின்று,
ஒன்பதுக்குள் நான் இல்லை.
தூங்கினேன் என்று சொல்ல முடியாது.
யாரோ மெயினை இறக்கினாற்போல.

பிறகு இரண்டு நாற்பது.
என்ன கணக்கோ, அதே நேரம்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும்.
ஃபேன் முழு வேகத்தில் ஓட, பனியன் நனைந்திருக்கும்.
நெஞ்சுக்குள் யாரோ படியேறி ஓடிவருவார்கள்.
புறவாசலுக்குப் போய்வந்து படுத்தால்
மறுபடி புறவாசல்.
தெருவில் வந்து நின்றால்
பணகுடிப் பக்கம் சிவப்பு விளக்குகள்
அணைந்து அணைந்து எரியும்,
ஒவ்வொரு காற்றாலைக்கும் ஒன்று.
என்னோடு முழித்திருப்பவை அவைதான்.

கம்பெனி நோட்டில் மூன்று பத்தி:
நின்ற நேரம், ஓடிய நேரம், காரணம்.
பின்னட்டையில் என்னையும் ஒரு மெஷினாக
எழுதிப் பார்த்தேன் ஒருநாள்.
நின்றது 9.00. ட்ரிப் 2.40.
நின்றது 3.25. மறுபடி ட்ரிப் 4.05.
காரணம் என்ற இடத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

சகாயரூபி சொன்னாள், மாவைக் கலக்கிக்கொண்டே:
"நடுச்சாமத்துல உங்களுக்கு மூச்சு நிக்கி.
குறட்டை விட்டுக்கிட்டே இருப்பிய, பொட்டுன்னு நிக்கும்.
நான் எண்ணுவேன். நேத்து பத்தொம்போது.
இருவது ஆச்சுன்னா உலுக்கிரணும்னு
கையத் தூக்கி வச்சிருந்தேன்."

எத்தனை நாளாய் எண்ணுகிறாய் என்று கேட்கவில்லை.
அஞ்சரைக்கு அவளுக்கு நூல்மில் பஸ்.

இறக்கை நிற்க ரெண்டு வழி உண்டு.
காற்று தானாக விழுந்தால்
அரைச் சுற்று, கால் சுற்று,
போகவா இருக்கவா என்று கொஞ்சம் ஆடி,
நிற்கும்.
அதற்குப் பொறுமை இல்லையென்றால் பிரேக்.
உடனே நிற்கும், டவர் அடிவரைக்கும் ஒருமுறை உலுக்கும்.
பிறகு கியர்பாக்ஸைத் திறந்தால்
எண்ணெயில் மினுங்கும், பல் அரைந்த பொடி.
அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்ப்பதுதான்
எனக்குச் சம்பளம்.

அக்டோபர் இரண்டு. கடை இல்லை.
இருநூறு கூடக் கொடுத்தால்
ராதாபுரத்தில் கிடைக்கும் என்றான் ஞானதிரவியம்.
நல்லவனாகி அல்ல, சோம்பலில் போகவில்லை.
பத்து. பதினொன்று. பன்னிரண்டரை.
கண்ணுக்குள் தேரிமணல்.
தலையணையைத் திருப்பித் திருப்பி
ரெண்டு பக்கமும் சூடாகிவிட்டது.

அப்போதுதான் கேட்டது,
அவள் குறட்டை.
சின்னதாக,
குக்கர் விசிலுக்கு முந்தின சத்தம் மாதிரி.
கலியாணமாகிப் பதினோரு வருசம்,
முதல் தடவையாகக் கேட்கிறேன்.
அவள் எண்ணாத ராத்திரி.

எப்போது தூங்கினேன், தெரியாது.
ஒரு கனவு.
வள்ளியூர்ச் சந்தையில்
கழுதைக்கு ரப்பர் செருப்பு வாங்குகிறேன்.
நாலு கேட்டால்
ஜோடியாகத்தான் தருவேன் என்கிறான் கடைக்காரன்.
ரெண்டு ஜோடின்னா நாலுதானே வே என்று
தொண்டை கட்டுமட்டும் சண்டை.
விடிந்து, பஸ்ஸும் போனபிறகு, வாசலில் நின்று
தனியாகச் சிரித்தேன்.
கனவு என்று ஒன்று உண்டென்பதே
மறந்துபோயிருந்தது.

மூன்றாம் தேதி கடை திறந்தது.
நானும் போனேன்.
பைக் பெட்டிக்குள் இருக்கிறது,
தாளில் சுற்றி, மூடி திருகாமல்.
மணி ஒன்பதே கால்.
காற்று மதியமே விழுந்துவிட்டது,
தொடை இன்னும் ஏறுகிறது.

"லைட்ட அமத்தட்டா?" என்கிறாள் உள்ளேயிருந்து.

இரு, என்கிறேன்.