டோர் லாக்

முந்தின ராத்திரி கண்ணாடி முன்னால்
பதினேழு முறை வணக்கம் சொன்னேன்.
பதினெட்டாவதில் கோமளா சிரித்துவிட்டாள்.
"நம்ம கல்யாண வீடியோவுலயே
நீங்க பாதிதான் இருக்கீங்க."
உண்மை.
மீதிப் பாதி
வாழைமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தது.

இருபத்திரண்டு வருஷமாகக்
கடலூரின் கேட்டுகளில் நின்று
"கரண்ட் ரீடிங்!" என்று கத்துகிறவன்.
வண்டிப்பாளையத்தில் கூப்பிட்டால்
கெடிலத்துக்கு அக்கரையில் நாய் குரைக்கும்.
அந்தத் தொண்டை வாரியத்துடையது,
சம்பளம் வாங்குவது.
கதை எழுதுகிறவனுக்குத் தொண்டை கிடையாது.
அவன் மேல்பாக்கெட்டில்
ஒரு பென்சிலோடு பென்சிலாக இருப்பவன்.

பத்து மணிக்கு வந்தார்கள்.
கேள்வி கேட்கத் தில்லைக்கரசி,
கேமராவுக்குப் புதுச்சேரியிலிருந்து அந்துவான்.
சத்தம் விழுகிறதென்று ஃபேனை நிறுத்தினார்கள்.
அக்கினி நட்சத்திரம்.
சட்டையில் மைக் மாட்டும்போது
நெஞ்சு அடிப்பது அதில் கேட்டுவிடுமோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
ஹெட்போனை ஒரு காதில் வைத்திருந்த அந்துவான்
"மூச்சு விடுங்க சார்" என்றான்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.
"பேர் பூவராகன்."
அதுவரை தெரிந்திருந்தது.
அப்புறம் தொண்டையில் தேங்காய் நார்.
"பேர் பூவராகன்" என்றேன் இன்னொரு முறை,
முதலில் சொன்னதில் எனக்கே சந்தேகம் வந்ததுபோல.

"பரவாயில்ல சார், வெட்டிக்கலாம்."
எதை வெட்டுவார்கள்?
இருந்ததே அந்த ஒரு பேர்தான்.

தண்ணீர் குடித்தேன்.
தெருவில் நுங்கு வண்டி போனது,
அதில் ஏறிப் போய்விடலாம்போல இருந்தது.
லென்ஸைப் பார்க்காதீங்க,
என் கண்ணைப் பார்த்துப் பேசுங்க என்றாள் தில்லைக்கரசி.
அது அதைவிடக் கஷ்டம்.
ரெண்டுக்கும் நடுவில்
கண்ணை எங்கே வைப்பதென்று தேடியபோதுதான்
கேமராவின் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி
விட்டு விட்டுத் துடித்தது.

அடடா,
நீயா?
எத்தனை ஆயிரம் சுவரில் பார்த்திருக்கிறேன் உன்னை.
ஒட்டடைக்கு நடுவே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே,
உள்ளே கரண்ட் ஓடுகிறதென்று சொல்லும் பொட்டு.
மிக்சி ஓடினால் படபடக்கும்.
வீடு தூங்கினால்
நினைத்துக்கொண்டபோது ஒரு தரம்.

கை தானாகப் பென்சிலைத் தேடியது.

"புதுப்பாளையத்துல ஒரு வீடு" என்றேன்.
கேட்ட கேள்வி வேறு.
தானே புயலுக்கு அடுத்த வருஷம்.
கதவில் பூட்டு.
அட்டையில் டோர் லாக் என்று எழுதப் போனேன்.
ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தால்
மீட்டர் துடிக்கிறது.
ஃப்ரிட்ஜ் இல்லை, அதன் துடிப்பு வேறு.
ஒற்றை விளக்கு, மிஞ்சினால் நாற்பது வாட்ஸ்.
யாரோ
வெளியிலிருந்து பூட்டச் சொல்லிவிட்டு
உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.
நான் கத்தவில்லை.
வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக
ஒரு கேட்டில் நின்று மெதுவாகப் பேசினேன்:
ரீடிங் எடுத்துட்டேங்க. வர்றேன்.
விளக்கு அணைந்தது.
இல்லை, விளக்கை நான் பார்க்கவில்லை.
புள்ளி நின்றது, அவ்வளவுதான்.
ரெண்டு மாசம் கழித்துப் போனபோது
வேறு யாரோ குடியிருந்தார்கள்,
கொடியில் பள்ளிக்கூடச் சீருடை.
அன்றைக்கு அட்டையில் நான் எழுதியது ரீடிங் இல்லை.
ஆபீஸில் மெமோ கொடுத்தார்கள்.
அதுதான் என் முதல் கதையின் முதல் வரி.

அப்புறமும் பேசினேன்.
சிப்காட் காற்றைப் பற்றி,
என்னைக் கடித்த மூன்று நாய்களைப் பற்றி,
அதில் ஒன்றின் பேர் மகாராணி என்பதைப் பற்றி.
நடுவில் பேட்டரி தீர்ந்து புள்ளி அணைந்தது.
நானும் நின்றுவிட்டேன்,
பாதிச் சொல்லில்.
அந்துவான் புதுசு போட்டு முடித்ததும்
மீதிச் சொல்லிலிருந்து தொடங்கினேன்.

ஒளிபரப்பான சாயங்காலம்
போனை அணைத்துவிட்டு
தேவனாம்பட்டினம் மணலில் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.
இருட்டிய பிறகு வீடு திரும்பினேன்.
கோமளா கதவைத் திறந்து
கொஞ்சநேரம் வழிவிடாமல் நின்று பார்த்தாள்.

"இந்தத் தடவை
ஒரு காது மட்டும்தான் வெளிய நிக்குது."