மிக அகலம்

முதலில் எழுதிய தலைப்பு:
'மலேசிய இந்தியரிடையே நீரிழிவு.'
புவான் ஃபௌசியா ஓரத்தில் ஒரே சொல் எழுதினார்:
லுவாஸ். அகலம்.

இரண்டாவது, 'பேராக் தோட்டங்களில் நீரிழிவு.'
லுவாஸ்.
மூன்றாவதில் உடம்பை விட்டுவிட்டுப்
பாதத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.
அப்போதும் லுவாஸ்தான்,
கொஞ்சம் சின்ன எழுத்தில்.

விடுதியில் ஹிடாயாவுக்குத் தலைப்பு அமைந்து ஒரு வாரம்:
வார்டில் தாதியர் கை கழுவுகிறார்களா.
சியூ லிங் இரவுப் பணியின் தூக்கத்தை எடுத்துக்கொண்டாள்.
நல்ல தலைப்பெல்லாம் பசார் மாலாமின் அப்பம் பாலேக்,
ஆறரைக்குப் போனால் கல் மட்டும்தான் சூடாக இருக்கும்.

பயிற்சிக்கு ஊத்தான் மெலிந்தாங் அனுப்பினார்கள்.
இரண்டு அடகுக்கடை, மாமாக் கடை,
குலை ஏற்றிய லாரி திரும்பும்போதெல்லாம்
முனையில் நசுங்கும் செம்பனைப் பழம்.
காயம் கட்டும் அறையில் என் வேலை
கத்தரி நீட்டுவது,
ஒட்டிப்போன துணியைச் சலைன் ஊற்றி நனைத்து உரிப்பது,
வராதவர் கார்டில் சிவப்பு மையால்
'டிஃபால்ட்டர்' என்று எழுதுவது.
கையெழுத்து அழகாம்,
அதனால் அந்த வேலை முழுக்க எனக்கே.

நான்காவது தலைப்பு அங்கிருந்துதான் வந்தது:
'நோயாளிகள் ஏன் சிகிச்சைக்கு வரத் தவறுகிறார்கள்?'
இந்த முறை லுவாஸ் இல்லை,
ஒரு கேள்விக்குறி மட்டும்.
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு
பதினெட்டுக் கேள்வி தயாரித்தேன்.
மறதியா, அலட்சியமா, அறியாமையா,
பொருத்தமானதில் டிக் செய்யவும்.

கமலவேணி மூன்று தவணை வராதவர்.
நான்காவதற்குப் பன்னிரண்டே காலுக்கு வந்தார்,
உதிரிப்பழம் பொறுக்கிய கையுறை இடுப்பில்,
காலில் அதே பூட்ஸ்.
நாங்கள் பூட்டிக்கொண்டிருந்தோம்.
"மிஸ்ஸி, கொஞ்சம்."
நான் இன்னும் மிஸ்ஸி இல்லை என்று சொல்லவில்லை.
ஸ்டாஃப் நர்ஸ் சாவியைத் திருப்பித் திறந்தார்.

பூட்ஸைக் கவிழ்த்தேன்.
மண், ஒரு பழம்,
மட்டை முள் ஒன்று, என் சுண்டுவிரல் நீளம்,
முனையில் ரத்தம் காய்ந்திருந்தது.
"இது எப்ப குத்துச்சு?"
"குத்துச்சா?" என்றார்.

கட்டி முடித்ததும் கேள்வித்தாளை எடுத்தேன்.
கண்ணாடி வீட்டில் என்றார், நானே படித்தேன்.
மறதியா?
சிரித்தார்.
"ஆறு மணிக்குப் பெரட்டு.
ரெண்டு மணிக்குத்தான் கணக்கு எடுப்பாங்க.
நடுவுல வந்தா அரப் பேருதான்.
நீங்க எத்தன மணி வரைக்கும் இருப்பீங்க?"

பதினெட்டில் அந்தக் கேள்வி இல்லை.

கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்.
ஐந்து வாரமும் உள்ளே நின்று
அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.
வெளியே போய்ப் படித்தேன்:
காயம் கட்டுதல், காலை எட்டு முதல் பன்னிரண்டு.

மறுநாள் அனுமதி கேட்டு
நான் சிவப்பாக்கிய கார்டுகளைப் பிரித்தேன்.
முப்பத்தொன்று. அதில் இருபத்துநான்கு தோட்ட விலாசம்.
மறந்தவர்களும் இருப்பார்கள்,
இல்லையென்று சொல்ல என்னிடம் இன்னும் எதுவுமில்லை.
நன்னெறிக் குழுவுக்குப் படிவம் போக வேண்டும்,
மாதிரி எத்தனை என்று யாரையாவது கேட்க வேண்டும்.

ஐந்தாவது தலைப்பு:
'ஊத்தான் மெலிந்தாங் கிளினிக்கில்
காயம் கட்டும் அறை திறந்திருக்கும் நேரமும்
செம்பனைத் தோட்டத் தொழிலாளரின் வேலை நேரமும்.'
இரவு பதினொன்றுக்குப் பதில் வந்தது:
பாஞ்சாங்.
நீளம்.
படுக்கையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்,
ஹிடாயா விளக்கை அணைக்கச் சொன்னாள்.

அடுத்த செவ்வாய் கமலவேணி வரவில்லை.
கார்டை எடுத்தேன், பேனா மூடியைக் கழற்றினேன்.
பதினொன்று ஐம்பது.
சாலையில் குலை லாரி ஒன்று போயிற்று.
கொஞ்சம் பொறுங்கள் என்றேன் ஸ்டாஃப் நர்ஸிடம்,
சாவி அவர் கையில்தான் இருந்தது.