வெளிச்சுற்று

இருபத்தாறு வருடம்
சியோலுக்கு அடியில் வட்டம் போட்டேன்.
இரண்டாம் தடம், பச்சைக் கோடு.
கிளம்பிய நிலையத்துக்கே திரும்பி வர
ஒன்றரை மணி நேரம்.
தூங்கிப்போனவர்களை எழுப்ப மாட்டோம்,
எப்படியும் அவர்கள் இடம் மறுபடி வரும்.

ஓய்வுபெற்ற அன்று சங்கத்தார் கொடுத்தது
மலையேறும் காலணி ஒரு ஜோடி.
அரை அளவு பெரிது.
இரண்டு காலுறை மாட்டிக்கொண்டு
நகரத்தின் விளிம்பைச் சுற்றப் புறப்பட்டேன்,
நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம்.

தோபோங் மலையடியில் ஒரு சிவப்புத் தபால்பெட்டி.
உள்ளே கடிதம் இல்லை,
கயிற்றில் கட்டிய முத்திரையும் மை காய்ந்த பஞ்சும்.
எச்சில் தொட்டுக் குத்தினேன்.
புத்தகத்தில் பாதி மலை விழுந்தது.

விளிம்பென்றால் ஒரு கோடு இருக்கும்,
இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் ஊரில்லை
என்று நினைத்திருந்தேன்.
வாடகைக்கு விட்ட தோட்டத் துண்டுகள்,
ஒரு பாய் அகல மண்ணில் முள்ளங்கி.
பழைய டயர் அடுக்கிய ராணுவப் பதுங்குகுழி.
கோல்ஃப் வலை. நாய்க்கூண்டுகள்.
எல்லாவற்றுக்கும் பின்னால்
முப்பத்திரண்டு மாடி நின்றுகொண்டே இருக்கிறது.

மாங்கு மலையில் பாதை கல்லறைகளுக்கு நடுவே.
தாக் யோங்-பே என்பவர்
எந்திரம் வைத்து மேடுகளின் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்.
பிள்ளைகள் வான்கூவரில், பூசானில்;
மேட்டுக்கு இவ்வளவு என்று பணம் அனுப்புவார்களாம்.
வெட்டியதற்குச் சாட்சி வேண்டும்,
ஒரு படம் எடுத்துத் தருகிறீர்களா என்றார்.
எடுத்தேன்.
யாருடைய அப்பாவோ
புதிதாக முடிவெட்டிக்கொண்ட பையனைப்போல இருந்தார்.

தேமோ மலையில் எதிரே ஒரு பெண்,
பியோன் சோ-ரே, பல் மருத்துவமனையில் கணக்காளர்.
இடமாகச் சுற்றினால் மேடு குறைவு என்று
யாரோ அவரை ஏமாற்றியிருக்கிறார்கள்.
வெள்ளரிக்காயை ஒடித்துப் பாதி தந்தார்.
"நீங்கள் உள்சுற்று, நான் வெளிச்சுற்று" என்றேன்.
புரியாமல் சிரித்தார்.
கீழே அப்படித்தான் சொல்வோம்.
சுரங்கத்தில் எதிர்வண்டி வரும்போது
ஒரு வெள்ளைக் கையுறை உயரும்,
என்னுடையதும் உயரும்.
முகம் பார்த்ததில்லை.
இருபத்தாறு வருடத்து அரைநொடிகளைக் கூட்டினால்
எத்தனை நிமிடப் பழக்கம் அது?

பிறகு சாதாங்.
என் வட்டமும் இந்த வட்டமும்
தொட்டுக்கொள்ளும் இடம்.
பாதை நிலைய வாசலை உரசிப் போகிறது.
அதற்கு நேர் கீழே,
ஒரு மார்ச் மாதம், காலை ஆறு நாற்பது,
பழுப்பு மேல்சட்டை.
அதற்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை,
இங்கேயும் சொல்லப்போவதில்லை.
மூன்று நாள் விடுப்பு கொடுத்தார்கள்.
நான்காம் நாள் அதே தண்டவாளம்.
கண்ணாடிக் கதவுகள் வைத்தது
அதற்கெல்லாம் பிறகு.

தபால்பெட்டி இருந்த பக்கம் பார்க்காமல்
வேகமாக நடந்தேன்.
மிச்ச மலைகள் எல்லாம் ஏறினேன், நதியைக் கடந்தேன்,
அக்டோபர் கடைசியில் தோபோங்குக்கே வந்து
காலணித் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொண்டேன்.

சான்றிதழ் தரும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்.
இரண்டு முறை எண்ணினாள்.
"ஒன்று குறைகிறதே, ஐயா."
"தெரியும்."
அவள் குரலைத் தாழ்த்தினாள்:
"நடந்துதான் போக வேண்டும் என்றில்லை.
ரயிலில் போய்க் குத்திக்கொண்டு வாருங்கள்.
யார் கேட்கப்போகிறார்கள்?"

பச்சைக் கோட்டில் பயணியாக ஏறினேன்.
முதல் பெட்டி, ஓட்டுநர் கதவுக்குப் பின்னால் நின்றேன்,
சேறு ஒட்டிய ஊன்றுகோலுடன்.
சுரங்கத்தில் எதிர் வெளிச்சம் வந்தது.
என் கை தானாக மேலே போயிற்று.
பக்கத்தில் நின்ற மாணவன்
கைப்பிடி எட்டவில்லையோ என்று
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

அடுத்தது சாதாங், என்றது குரல்.
கதவு திறக்கும் பக்கத்தையும் சொன்னது.
அந்தப் பக்கம்
திரும்பி நின்றேன்.