முப்பது தப்படி

பனமரத்துப்பட்டி ஏரி காய்ந்து கிடக்கிற ஆண்டுகளில்
அது எங்கள் ஓடுபாதை.
வெடித்த கரம்பை, ஓரமெல்லாம் சீமைக் கருவேலம்,
தள்ளி ஜருகுமலை.

விமானத்தின் எடை ஒன்றேகால் கிலோ.
தெர்மாகோல் இறக்கை, பெட்டி ஒட்டுகிற டேப்,
மூக்கில் பத்து அங்குலத்துக்கு ஒரு கத்தி.
பொம்மை என்று சொல்பவர்கள்
தாட்சாயிணியின் ஆட்காட்டி விரலில்
ஏழு தையலை எண்ணிப் பார்க்கலாம்.

ஏற்றும் முன்னால் ரேஞ்ச் பார்க்க வேண்டும்.
ரிமோட்டின் குரலைக் கிசுகிசுப்பாகக் குறைத்துவிட்டு
நான் முப்பது தப்படி தள்ளிப் போவேன்.
அவள் விமானத்தைத் தலைக்குமேல் பிடித்திருப்பாள்.
குச்சியைத் தள்ளுவேன்.
வால் அசைந்தால் "கேக்குது" என்று கத்துவாள்.
அசையாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள்.
அந்த ஒன்றும் சொல்லாததைக் கேட்கத்தான்
அவ்வளவு தூரம் நடப்பது.

ஆன்டெனாவின் நுனியை அதன் பக்கம் நீட்டக் கூடாது.
விரல் நீட்டிப் பேசினால் அதற்குக் கேட்காது.
சாய்த்துப் பிடிக்க வேண்டும்,
கோபக்காரரிடம் முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பேசுவதுபோல.
குறுக்கே ஆள் நிற்கக் கூடாது.
உடம்பென்பது பெரும்பாலும் தண்ணீர்.
தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.
இந்த ஏரியில் மிச்சமிருக்கிற தண்ணீர்
நாங்கள் இரண்டு பேர்,
வேடிக்கை பார்க்க வந்த நிலவாரப்பட்டிக்காரர்கள் ஒன்பது பேர்,
அப்புறம் நாற்பது ஆடுகள்.

வாரத்தில் ஆறு நாள் எனக்குச் சூரமங்கலத்தில்
ரயில் சிக்னல் பராமரிப்பு.
கம்பி அறுந்தாலும் கரண்டு போனாலும் எலி கடித்தாலும்
கெடுவது சிவப்பில்தான் கெட வேண்டும்.
தெரியவில்லை என்றால் நில் என்று அர்த்தம்.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த நான்தான்
சித்திரையில் ஒரு ஞாயிறு
மலைமேல் கோடைமழை கூடுவதைப் பார்த்து
"போன வாரம் பாத்ததுதானே" என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே, தெர்மாகோல் இருட்டில்,
பேட்டரி நகர்ந்து
ரிசீவரின் மெல்லிய மீசைமேல் படுத்திருந்தது.
இருநூறு மீட்டர் தள்ளி, ஆடுகளுக்கு நேர் மேலே
வலது என்றேன்.
நேராகப் போனது.
வலது.
கையில் இருந்தது வெறும் டப்பா.

பிறகு சத்தம் நின்றது.

கேட்காமல் போனால் என்ன செய்வதென்று
அதற்கு முன்பே சொல்லிவைத்திருந்தோம்:
கடைசியாய்ச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பறக்காதே.
மோட்டாரை நிறுத்து.
வாலை லேசாய் இடதுக்குத் திருப்பு.
வட்டமிட்டு இறங்கு.

வட்டமிட்டு இறங்கியது.
ஆடுகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
கருவேலம் ஒரு இறக்கையை வாங்கிக்கொண்டது.

"செத்துருச்சுங்களா?" என்றார் ஆட்டுக்காரர்.
"இல்லீங்க" என்றாள் தாட்சாயிணி, முள்ளை விலக்கியபடி,
"சொன்னபடி கேட்டுருச்சு."

இறக்கைக்கு நூற்றெண்பது ரூபாய்.
மழை வரவேயில்லை.

பேட்டரியை வெல்க்ரோ போட்டு இறுக்கினாள்.
பேசாமல் என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி
நடக்கத் தொடங்கினாள்.
ஒற்றை இறக்கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன்.
இருபது. முப்பது.
வால் அசைந்தது.
"கேக்குது" என்று கத்தினேன்.
முப்பத்தைந்து.
"கேக்குது!"
அவள் இன்னும் நடந்துகொண்டிருந்தாள்.