வலப்பக்க இருக்கை

இந்த ஊரில் எல்லோருக்கும் வெயிலில் சிவந்திருப்பது இடதுகை.
எனக்கு வலது.
தபால் வண்டியில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறேன்,
பெட்டிகளுக்குக் கை எட்ட வேண்டுமே.

கோர்வின், அயோவா.
பலகையில் 412 பேர்.
போன வருடம் புதைத்த ஆறு பேரையும்
ராணுவத்துக்குப் போன ஷ்ரோடர் பையனையும்
பலகை இன்னும் கழிக்கவில்லை.
பன்னிரண்டு மணிக்குத் தீயணைப்புக் கூடத்தில் சங்கு ஊதும்.
தீ எங்கும் இல்லை. சாப்பாட்டு நேரம்.
லுத்தரன் கோயில் நாய் கூடவே ஊளையிடும்.

எதிரே வண்டி வந்தால்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் உயரும்,
ஒன்றே ஒன்று.
கை முழுவதும் ஆட்டினால் வெளியூர்.

யாருக்கு என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும்,
சொல்ல மாட்டேன்.
ஜனவரியில் விதைப் பட்டியல்கள்.
மார்ச்சில் வங்கியின் நீளக் கவர்கள்,
அவற்றை மட்டும் குப்புற வைப்பேன்.
ஏப்ரலில் அட்டைப்பெட்டிக்குள் நூறு கோழிக்குஞ்சுகள்;
அன்று ரேடியோ போடுவதில்லை.
பன்றிக்கறி ஆலையில் இரவு வேலை பார்க்கும்
ஒஃபேலியா ட்ஸோக் பகலில் தூங்குவாள்.
அவள் வாசலில் ஹாரன் அடிப்பதில்லை.

பெட்டியின் தகரக் கொடி நிமிர்ந்திருந்தால்
எடுத்துப் போகக் கடிதம் இருக்கிறது என்று பொருள்.
ஏழாம் மைல், சரளைச் சாலை, ஆர்விட் ட்வெட்.
போன அக்டோபரில் வெர்டெல்லைப் புதைத்தார்.
கல்லறையிலிருந்து திரும்பி
கோயில் நிலவறையில் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டோம்.
அவர் தட்டைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.
மறு வாரம் கொடி நிமிர்ந்திருந்தது.
திறந்தேன்.
ஒரு செத்த குளவி.

இறக்கிவிட்டுப் போனேன்.
மறுநாளும் நிமிர்ந்திருந்தது. அதற்கு மறுநாளும்.
நான்காம் நாள்தான்
சமையலறைத் திரை அசைந்ததைப் பார்த்தேன்.

கதவைத் தட்டியிருக்கலாம்.
தட்டினால்
எதற்குக் கொடி ஏற்றினீர்கள் என்ற கேள்வி
கேட்காமலே வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.
ஆகவே ஒரு நிமிடம், எஞ்சினை நிறுத்தாமல்,
அடுத்த வீட்டுத் தபாலை
அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கி,
திரையைப் பார்த்து ஒரு விரல்.
ஜனவரியில் முழங்கால் பனி.
அவர் வாசற்படிகூட மூடிக் கிடந்தது;
பெட்டிக்கு முன்னால் மட்டும்
என் வண்டியின் நீளத்துக்கு அளந்தாற்போல
சாலை சுத்தமாக இருந்தது.

இந்த அக்டோபரில் ஒருநாள்
கொடி படுத்திருந்தது.
அன்று அவருக்குத் தபாலும் இல்லை.
நிற்கக் காரணமே இல்லாமல் நின்றேன்.
திரை அசையவில்லை.
இறங்கிப் போய்க் கதவைத் தள்ளினேன்,
இங்கே யார் பூட்டுகிறார்கள்.
மேஜையில் காபிக் கோப்பை. தொட்டேன். சில்லென்றிருந்தது.
பெயர் சொல்லிக் கூப்பிட்ட என் குரல்
எனக்கே பிடிக்கவில்லை.

அப்புறம்தான் சத்தம் கேட்டது.
சாலைக்கு அந்தப் பக்கம், ஹ்ருஷ்காவின் சோளத்தில்,
வானம் வரை புழுதி.
ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து
டெ மாய்ன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் ஹ்ருஷ்கா.
ஐந்து அறுவடை இயந்திரங்கள்,
நான்கின் பளபளப்பு யார்யாருடையது என்று தெரியும்.
கடைசி வரிசையில், ஒரு விளக்கு உடைந்த
பழைய பச்சை,
ஆர்விட்.

வடிகால் குழாய் யார் வயலில் தண்ணீர் விடுவது என்ற வழக்கில்
பதினோரு வருடம்,
எதிரெதிரே வந்தாலும் விரல் உயர்த்தாதவர்கள்.

நான் உயர்த்தினேன்.
அவர் பார்க்கவில்லை;
வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்,
நேராகப் போக வேண்டுமே.

திரும்பி வந்து
காலிப் பெட்டியை ஒருமுறை திறந்து மூடி
கொடியை நானே நிமிர்த்திவைத்தேன்.
இறக்கட்டும் அவரே.

இருபத்தைந்து நிமிடம் தாமதம்.
ஒஃபேலியா விழித்திருப்பாள்.