சிறியது, நடுத்தரம், பெரியது

முதலில் கண்ணாடியைத்தான் சந்தேகித்தேன்.
வாய்க்காற்று ஊதி, துப்பட்டா நுனியால் துடைத்து,
மறுபடி ஊதி.
மங்கல் போகவில்லை.

பிறகு பேட்டரி.
பசார் மாலாமில் நான்கு வெள்ளிக்கு வாங்கியது
படத்தைக் கெடுக்குமா?
பகாவ் பட்டணத்தில் மூன்று பேரிடம் கேட்டேன்.
கெடுக்கும் என்றார் ஒருவர்.
கெடுக்காது என்றார் ஒருவர்.
மூன்றாமவர் தன் வீட்டு டிவியைப் பற்றிப்
பேச ஆரம்பித்துவிட்டார்.

பிறகு என் கை.
ஆபீசில் செக்ரோல் எழுதும் கை, நடுங்காதுதான்.
ஆனாலும் தம்பி தாலி கட்டிய நேரம்,
யார் கண்டது.

லியூங் கடையில் கொடுத்திருந்தேன்,
சன்னாசியை எட்டுக்குப் பத்தாய்ப் பெரிதாக்க.
போன செவ்வாய், குலை அறுக்கையில்
அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டது.
ஐசி படம் வேண்டாம் என்றாள் தெய்வானை,
அதில் போலீஸ் பிடித்த ஆள்போல் இருக்கிறார்,
உன் தம்பி கல்யாணத்தில் சிரித்தாரே
அதைக் கொடு.

சிரித்தார்தான்.
டேவானில், மூன்றாம் மேசைக்குப் பின்னால்,
பாயாசக் கிண்ணமும் கையுமாய்,
யாரோ சொன்ன எதற்கோ.
நான் எடுத்தது அவரை அல்ல,
மேசைமேலிருந்த சீர்த்தட்டை.

லியூங் மவுஸை உருட்டினார்.
முகம் வளர்ந்தது.
வளர வளரச் சதுரமாயிற்று.
மூக்கு ஒரு பழுப்புச் சதுரம்.
சிரிப்பு ஏழு. எண்ணிப் பார்த்தேன்,
நாலு வெள்ளை, மூன்று வெற்றிலைச் சிவப்பு.

கேமரா நல்ல கேமராதான் என்றார் மலாயில்.
இரண்டு பொத்தானை அழுத்தி
மெனுவில் ஒரு வரியைக் காட்டினார்.
சிறியது.

நான் வைத்ததுதான்.
கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு,
இன்னொரு கார்டின் விலை கேட்டு வந்த பிறகு.
பெரியதென்றால் அறுபது படம்,
சிறியதென்றால் ஆயிரம் என்றது
பெட்டிக்குள் இருந்த தாள்.
ஆயிரத்தை யார் விடுவார்?
அரை டின் பாலைத் தண்ணீரில் நீட்டி
ஏழு பேருக்குத் தேநீர் ஊற்றிய லயத்தில் பிறந்தவள்,
படத்தையும் நீட்டினேன்.
வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்தேன்.
வாழைமரத்தை இரண்டு பக்கமும் எடுத்தேன்.
ஐஸ் பெட்டியை எடுத்தேன், அதில் சாய்ந்து
தூங்கிப்போன யார் வீட்டுப் பையனையோ எடுத்தேன்.
எடுத்துக்கொண்டே இருந்தேன், தீரவே இல்லை.

இதைச் சரிசெய்ய வழி உண்டா தவ்கே?
இனிமேல் எடுப்பதற்கு உண்டு என்றார்.
காசு வாங்கவில்லை.

தெய்வானை பெரிய சட்டத்தையே வாங்கினாள்.
வெள்ளை அட்டை நடுவே
தீப்பெட்டி அளவில் சன்னாசி.
அந்த அளவில்தான் அவர் அவராக இருந்தார்.
பதினாறாம் நாள், வந்தவர்கள் ஒவ்வொருவராய்க் குனிந்து
கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தார்கள்.
பெரிய மண்டோர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி,
துடைத்து, மாட்டி, மறுபடி குனிந்தார்.
ஆமாம், சிரிக்கிறான் என்றார்.

நான் கேமராவைக் கொண்டுபோகவில்லை.
பெரியதுக்கு மாற்றியாயிற்று,
அறுபதில் ஐம்பத்தொன்பது மிச்சம்.
மாறியதா என்று பார்க்க எடுத்த ஒன்று
என் சமையற்கட்டுச் சுவர்.
காலண்டர் இல்லாத ஆணி,
அதன் துரு,
துரு சுவரில் வழிந்த கோடு,
எல்லாம் தெரிகிறது.