பன்னிரண்டாம் நம்பர் கம்பி

கிலோ என்ன விலை என்று
கறுப்புப் பலகையில் வாரா வாரம் அழித்து எழுதுகிறேன்.
நோர்வூட் சந்தியில், பஸ் திரும்பும் இடத்தில்,
விஜேபால ஹார்ட்வெயாரின் தராசுக்குப் பின்னால்
ஒன்பது வருஷம்.

கம்பி சுருளாகத்தான் வரும்.
லொறியிலிருந்து இறக்கும்போது
மழை வெளிச்சத்தில் வெள்ளி மாதிரி இருக்கும்.
பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர்
நாகம் பூசிய இரும்பு.
நாகம் என்றதும் பின்வாங்கில் எல்லோரும்
காலைத் தூக்கிக்கொண்டோம்.
விஞ்ஞான டீச்சர் சிரிக்கவில்லை.
"இரும்புக்கு முன்னால் அது அரிபடும், இரும்பு மிஞ்சும்."
ஓ.எல். பரீட்சைக்கு வந்தது. சரியாக எழுதினேன்.
பாஸாகவில்லை, அது வேறு கதை.

எதற்கு என்று வாங்குகிறவர்கள் சொல்வதில்லை.
அருளம்மாள் கேட்டால் கொடி கட்ட.
எட்டு வீட்டு உடுப்பும் அதில்தான் தொங்கும்,
காயாமல், பத்து நாள்.
போஞ்சிக்குப் பந்தல் போடும் மாணிக்கராசு
முனையைப் பல்லால் கடித்துப் பார்ப்பான், தங்கம் போல.
ஆடிக்காற்றுக்கு முந்திய வாரம்
லயத்துக்காரர் அத்தனை பேரும் வருவார்கள்
கூரைத் தகரத்தைக் கல்லோடு சேர்த்துக் கட்ட.
ரோட்டுக் கொந்தராத்துக்காரருக்கு மட்டும் சுருள் சுருளாகப் போகும்.
மண் சரிந்த இடத்தில் கூடை பின்னி, கல் நிரப்பி
மலையைப் பார்த்து
இன்னும் கொஞ்ச நாள் நில் என்று கேட்பதற்கு.

பன்னிரண்டாம் நம்பர், நாலு முழம், துண்டாக.
அப்படிக் கேட்கிறவர்கள்
மிச்சக் காசை எண்ணிப் பார்ப்பதில்லை.
நானும் முகம் பார்க்காமல் வெட்டுவேன்.
பன்றி விழுந்த ஞாயிற்றுக்கிழமைகளில்
எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு
சேப்பங்கிழங்கு இலையில் வந்திருக்கிறது.
கறி ருசியாகத்தான் இருந்தது.

போயாவுக்கு மறுநாள்
வனஜீவி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள்.
மேசையில் வைத்த பொலித்தீன் பைக்குள்
வளையமாக ஒரு கம்பி.
உள்பக்கம் மஞ்சள் மயிர் ஒட்டியிருந்தது.
ஏழாம் நம்பர் மலை, வாய்க்கால் ஓரம்,
தேயிலை மாருக்குக் கீழே
இடுப்பில் இறுகி, விடிய விடிய உறுமியதாம்.
டாக்டர் வந்து சேர மத்தியானமாகிவிட்டது.
மேல்ரோட்டில் கூடையோடு நின்று பார்த்தவர்களுக்கு
அன்றைக்கு அரைப்பேர்தான்.
அதைப் புண்ணியமலர் சொன்னாள்.
சிறுத்தையின் கண்ணைப் பற்றியும் சொல்ல வந்தாள்,
சொல்லாமல் போனாள்.

"இது உங்கள் கடைக் கம்பியா?"
முதலாளி என்னைப் பார்த்தார்.
பையை வெளிச்சத்தில் பிடித்தேன். பன்னிரண்டுதான்.
வெட்டுமுனையில் சின்னதாக ஒரு பிசிறு.
என் கட்டரின் வலது அலகில்
ஒரு பொடிப்பல் உடைந்திருக்கிறது,
சித்திரையிலிருந்து.

"ஹட்டன் வரைக்கும் எல்லாக் கடையிலும்
இதுதானே சேர் விற்கிறது" என்றேன்.
பொய்யில்லை.
எழுதிக்கொண்டு போனார்கள்.

எனக்கும் மேட்டில் ஏழு பேர்ச்சஸ் இருக்கிறது.
அத்திவாரத்தோடு நிற்கும் வீடு,
அதைச் சுற்றி மூன்று வரிசைக் கம்பி,
சம்பளத்தில் மாதாமாதம் கழித்தது.
உறுதி இன்னும் கைக்கு வரவில்லை.
கம்பி இருக்கும்வரை அது என் இடம்.
அன்று இருட்டிய பிறகு போய்
மூலைக்கட்டையில் முறுக்கிய முனையைத் தடவினேன்.
அதே பிசிறு. விரலில் குத்தியது.

மறுநாள் கடை திறந்ததும்
புது அரம் ஒன்றை எடுத்து
கட்டரின் அலகைத் தேய்த்தேன்.
அரை மணித்தியாலம். முதலாளி கேட்கவில்லை.

பத்து மணிக்கு ஒரு பையன்.
பன்னிரண்டு, நாலு முழம்.
"எதற்கு?"
ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.
"உடுப்புக் காயப்போட."
வெளியே மூன்றாம் நாளாக மழை.
அளந்தேன். வெட்டினேன்.
முனை சுத்தமாக இருந்தது.